ஆற்றின் காவலர்கள்



பினாங்குத் தீவிலிருந்து படகேறி பட்டர்வொர்த் துறையில் இறங்கியவர்களுக்கு அந்தக் காட்சி நன்கு பழக்கமானது. ஒரு புறம் கப்பல்கள். மறு புறம் இரயில் நிலையம். தெற்கே பார்த்தால் பிறை ஆற்றுக்கு அப்பால் வரிசையாய் நிற்கும் தொழிற்சாலைகள். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பட்டர்வொர்த் துரையின் பெயரைத் தாங்கிய இந்த ஊரும், இதைச் சூழ்ந்த செபராங் பிறை வட்டாரமும் நமக்கு அந்நியமானவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நம் முன்னோர் இங்கே கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு வந்துவிட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல இடங்களில் செம்பனையும் போய்த் தொழிற்பேட்டையும் குடியிருப்பும் வந்துவிட்டன. பயிர் மாறினாலும், முதலாளி மாறினாலும், ஆறு மட்டும் அதே ஆறுதான். அந்த ஆற்றையும், நாம் உள்ளிழுக்கும் காற்றையும், நம் கையில் படும் மருந்தையும் பற்றிக் கேள்வி கேட்கத் துணிந்த சாதாரண மக்களின் வரலாற்றைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் பெரும்பாலும் அதுவே. ஆனால் மீன் பிடிப்பவரும், பால் வெட்டுபவரும், மருந்தடிக்கும் தாய்மாரும் சேர்ந்து உண்டாக்கிய வரலாறும் ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தைத் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பட்டர்வொர்த்துக்குத் தெற்கே ஜூரு ஆறு கடலில் கலக்கும் இடத்திற்குப் போனால் போதும்.

அங்கே கோல ஜூரு என்று ஒரு மீனவக் கம்பம் இருக்கிறது. மலாய்க்கார மீனவர்கள் வாழும் சிற்றூர். சிறு படகும் வலையும் அவர்களுடைய சொத்து. ஆற்றின் முகத்திலும் கரையோரத்திலும் கிடைக்கும் மீனும் இறாலும் அவர்களுடைய பிழைப்பு. ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகு அவர்களிடம் இல்லை. ஆகவே ஆறு நன்றாக இருந்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஆறு கெட்டால் அடுப்பு அணையும்.

1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் பிறை வட்டாரம் வேகமாக மாறியது. 1967இல் மலாயாவாத்தா இரும்பாலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. தோட்டங்களில் வெட்டிச் சாய்த்த பழைய பால்மரங்களைக் கரியாக்கி, அந்தக் கரியைக் கொண்டே அந்த ஆலையில் இரும்பு உருக்கினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. தொடர்ந்து தொழிற்பேட்டை விரிந்தது. பலவகை ஆலைகள் வந்தன. வேலை வந்தது, சம்பளம் வந்தது, தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் ஆலை வேலைக்குப் போனார்கள். இவையெல்லாம் நல்லவையே, நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆலைக்குள் போன பொருளெல்லாம் சரக்காக வெளியே வருவதில்லை அன்றோ? மிஞ்சிய கழிவு எங்கே போயிற்று? அது வாய்க்கால் வழியே ஜூரு ஆற்றில் இறங்கியது. பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆற்றுச் சேற்றை எடுத்துச் சோதித்தபோது அதில் ஈயம், துத்தநாகம் போன்ற கன உலோகங்கள் படிந்திருக்கக் கண்டார்கள். ஆனால் சோதனைக்கூடம் சொல்லும் முன்பே மீனவர்களுக்கு அது தெரிந்துவிட்டது. நீர் நிறம் மாறியது. மீன் செத்து மிதந்தது. வலை வெறுமையாக வந்தது.

அந்த மீனவர்கள் என்ன செய்தார்கள்? நம்மைப் போன்ற ஏழைகள் சாதாரணமாகச் சொல்வது என்ன? "மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா? அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்போம். இல்லையேல், "நம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போவோம். அவர்கள் அப்படிப் போகவில்லை. தங்களுக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்ல ஒரு துணையைத் தேடினார்கள். அந்தத் துணைதான் பினாங்கு பயனீட்டாளர் சங்கம்.

இச்சங்கம் 1969-70இல் தோன்றியது. இதன் தலைவராக நெடுங்காலம் விளங்கியவர் எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள். 1926இல் தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்தவர், தொழிலால் வணிகர். அவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர், வழக்கறிஞரும் அல்லர். பயனீட்டாளர் சங்கம் என்றால் கடையில் எடை குறைந்தால் முறையிடும் இடம் என்றுதான் அந்நாளில் பலரும் எண்ணினார்கள். இத்ரிஸ் அவர்களும் தோழர்களும் அந்த எண்ணத்தை விரிவாக்கினார்கள். அரிசியும் சர்க்கரையும் மட்டுமா நாம் பயன்படுத்தும் பொருள்? தண்ணீரும் காற்றும் நாம் நாள்தோறும் பயன்படுத்துபவை அல்லவா? அவை கெட்டால் முறையிட நமக்கு உரிமை இல்லையா? இப்படிக் கேட்டுக்கொண்டு, சங்கத்தார் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் நேரில் போனார்கள். வந்த முறையீடுகளை எழுதிக்கொண்டார்கள். உரிய இலாகாவுக்குக் கடிதம் போட்டார்கள். பதில் வரும் வரை மறுபடியும் எழுதினார்கள். தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் தங்கள் செய்தித்தாளை வெளியிட்டார்கள். சுற்றுச்சூழலுக்கென்றே தனியாக ஓர் அமைப்பு வேண்டும் என்று 1977இல் சஹாபாட் ஆலாம் மலேசியா உருவாயிற்று. இயற்கையின் நண்பர்கள் என்பது அப்பெயரின் பொருள்.

கோல ஜூரு மக்கள் சங்கத்தின் துணையுடன் தங்கள் குறையை வெளியுலகம் அறியச் செய்தார்கள். அத்துடன் நிற்காமல் வேறொரு காரியமும் செய்தார்கள். மீன் குறைந்த நிலையில் கூட்டுறவாகச் சேர்ந்து, ஆற்றுமுகத்துச் சேற்று நிலத்தில் கெராங் என்னும் சிப்பியை வளர்க்க முற்பட்டார்கள். கெராங் வளர்ப்பு ஏறக்குறைய விவசாயத்தைப் போன்றது. சின்னஞ்சிறு குஞ்சுகளைச் சேற்றில் விதைப்பதுபோல் தூவ வேண்டும். அவை வளர்ந்து விலைக்கு ஆகும்வரை காத்திருக்க வேண்டும். கெராங் நகர்ந்து ஓடாது. தான் கிடக்கும் இடத்து நீரையே உள்வாங்கி வடிகட்டித் தின்று வளரும். நீரில் நஞ்சு கலந்தால் மீனாவது விலகி நீந்தும். கெராங் கிடந்த இடத்திலேயே சாகும். ஆகவே கெராங் வளர்ப்பவர் கண்ணயர முடியாது. ஆற்றைக் காவல் காத்தே தீர வேண்டும். பிழைப்பே அவர்களை ஆற்றின் காவலர்கள் ஆக்கியது.

ஜூரு ஆறு தூய்மையாகிவிட்டது என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஆலைக் கழிவும், பன்றிப் பண்ணைக் கழிவும், வீட்டுச் சாக்கடையும் அதில் கலந்தன. நாட்டின் மிகவும் மாசுபட்ட ஆறுகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. ஒரு தலைமுறை போராடியும் ஆறு முழுதாகத் திரும்பவில்லை. கெடுப்பதற்குச் சில ஆண்டுகள் போதும். திருத்துவதற்கு ஒரு மனிதனின் ஆயுள் போதாது என்பதை ஜூரு நமக்குக் கற்பிக்கிறது.

இனி, நம் தோட்டத்து ஓடைக்கு வருவோம். தொழிற்பேட்டையைக் குறை சொல்லும்போது நம் வீட்டுக் கொல்லைப்புறத்தை மறக்கலாகாது. பழைய தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆலை ஓடையின் நாற்றம் மூக்கைவிட்டுப் போகாது. பாலை உறைய வைக்க அமிலம் சேர்ப்பார்கள். கட்டியை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் நீர் ஓடையில் விழும். அது புளித்து நாறும். செம்பனை ஆலையின் கழிவோ அதைவிடக் கொழுப்பானது. பழுப்பு நிறக் கஞ்சி போன்றது.

இக்கழிவில் மருந்தோ நஞ்சோ இல்லையே, பழத்தின் சாறுதானே, அதனால் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆற்று நீரில் பிராணவாயு கரைந்திருக்கிறது. மீன் அதைத்தான் சுவாசிக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைந்திருப்பது ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுதான். கழிவு ஆற்றில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது அவையும் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். சுத்தம் செய்யப்படாத செம்பனை ஆலைக் கழிவு ஒரு லிட்டரைத் தின்று தீர்க்க ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு லிட்டர் கழிவு, மூவாயிரம் லிட்டர் ஆற்று நீரின் மூச்சைக் குடித்துவிடும். மீன் நஞ்சுண்டு சாகவில்லை நேயர்களே. மூச்சுத் திணறிச் செத்தது.

இந்நிலை நீடிக்கலாகாது என்று நாட்டில் சட்டம் வந்தது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் செய்யப்பட்டன. 25,000 என்று சொன்னோமே, அதை 1978 ஜூலையில் 5,000க்குக் குறைக்க வேண்டும் என்றார்கள். பிறகு ஆண்டுக்கு ஆண்டு 2,000, 1,000, 500, 250 என்று இறக்கி, 1984இல் 100க்குக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரே நாளில் முடியாத காரியத்தைப் படிப்படியாகச் செய்யச் சொன்ன நல்ல முறை இது. ஆலைக்குப் பின்னால் அடுத்தடுத்துப் பெரிய குட்டைகளை வெட்டி வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழிவு ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்குப் போகும்போது நுண்ணுயிர்கள் அங்கேயே அதைத் தின்று தீர்த்துவிடும். ஆற்றுக்குப் போகும்போது அது பெரிதும் தெளிந்திருக்கும். பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சட்டம் எழுதுவது அரசாங்கத்தின் வேலை. ஆனால் மழை பெய்யும் நள்ளிரவில் எந்தக் குட்டையின் மடை திறக்கப்படுகிறது என்று கோலாலம்பூரில் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? காலையில் ஓடையில் முகம் கழுவப் போகிறவருக்கே தெரியும். சட்டத்திற்குக் கண் வேண்டும். அந்தக் கண் அங்கே குடியிருப்பவரின் கண்தான். இந்த எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டதுதான் பினாங்கில் பிறந்த இயக்கத்தின் பலம்.

இது பினாங்குக்கு மட்டும் உரிய அனுபவமன்று. ஜப்பானில் மினமாட்டா என்னும் மீனவ ஊரில், ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியே மனித உடலில் ஏறி நரம்பைத் தாக்கிய கொடுமை 1956இல் வெளியே தெரிந்தது. அங்கும் முதல் அடையாளத்தைக் கண்டவர்கள் கரையோர ஏழைகளே. இந்தியாவின் இமயமலைச் சாரலில் ரேணி என்ற சிற்றூரில் 1974 மார்ச்சில் கௌரா தேவி என்ற கிராமத்துப் பெண்மணியும் அவருடைய தோழியரும் மரங்களை வெட்ட வந்தவர்களை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். நம் முன்னோரின் தமிழ்நாட்டிலோ, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் கிணறும் நிலமும் கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்று 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடங்கள் வேறு, மொழிகள் வேறு. ஆனால் தீங்கின் பக்கத்தில் வாழ்ந்தவரே முதலில் வாய் திறந்தார் என்பது எங்கும் ஒன்றாக இருக்கக் காண்கிறோம்.

வாய் திறப்பது எளிதா? அதையும் பேசத்தான் வேண்டும். பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேரா என்னும் ஊர். ஈய மணலில் மிஞ்சும் கனிமத்திலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று 1982இல் அங்கே இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் என்னும் கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. அக்கழிவைப் பாப்பான் என்ற ஊருக்குப் பக்கத்தில் புதைக்கப் போகிறார்கள் என்றறிந்து 1984இல் ஊர் மக்கள் திரண்டெழுந்தார்கள். 1985இல் புக்கிட் மேராவாசிகள் எண்மர் ஆலையின்மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் சட்ட ஆலோசகராக இருந்த மீனாட்சி ராமன் அவர்கள். 1987 அக்டோபரில் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டபோது, அந்தப் பெண்மணியும் கைதாகி 47 நாட்கள் காவலில் இருந்தார். வெளியே வந்தபின்னும் பணியை விடவில்லை.

அந்த வழக்கு 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் மக்கள் பக்கம் தீர்ப்பானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. சட்டப்படி மக்கள் தோற்றார்கள். ஆனால் அதற்குள் உலகமே அந்த ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1994 ஜனவரியில் ஆலையை மூடப் போவதாக நிறுவனமே அறிவித்தது. தோற்றவர்கள் விரும்பியதே நடந்தது. அத்தனை ஆண்டுகள் அவர்கள் சேர்த்து வைத்த சான்றுகளும், நீதிமன்றத்தில் சாமானியர்கள் நிமிர்ந்து நின்று சொன்ன சாட்சியமும் வீண்போகவில்லை.

தாய்மார்களே, இப்போது உங்களுக்கு மிகவும் நெருங்கிய ஒரு செய்திக்கு வருகிறோம். தோட்டப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, பதிவேட்டில் கையெழுத்திடப் பேனா பிடிக்கும் விரல்களை நாங்கள் பார்த்ததுண்டு. நகம் மஞ்சளாகி வெடித்து, சில விரல்களில் நகமே கழன்றிருக்கும். "என்னம்மா இது?" என்று கேட்டால், "மருந்தடிக்கிற கை சார், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அப்படித்தான் இருக்கும் என்ற அந்தச் சொல்லில் எத்தனை ஆண்டுப் பழக்கம்!

புல்லை எரிக்கத் தோட்டங்களில் அடித்த மருந்துகளில் முக்கியமானது பாராகுவாட். 1960களின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்தது. வேலை சுலபம், செலவு குறைவு என்று நம் நாட்டுத் தோட்டங்களில் பெருமளவில் பரவியது. ஆனால் அதில் ஒரு மடக்கு தவறி உள்ளே போனாலும் உயிர் போகும். முறிவு மருந்து கிடையாது. தோலில் பட்டால் புண், கண்ணில் பட்டால் எரிச்சல், நகம் கெடும், மூக்கில் இரத்தம் வரும். முதுகில் தோம்பைச் சுமந்து நிரை நிரையாக நடந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். தலை முதல் கால் வரை மூடிக்கொள்ள வேண்டும் என்று புட்டியில் எழுதியிருக்கும். நண்பகல் வெயிலில் அந்த உடையைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும், அது எழுதியவருக்கு எளிது, அணிபவருக்கு அரிது என்று. பலருக்கு அந்த உடையே கொடுக்கப்படவில்லை. புட்டியில் இருந்த மொழியும் பலருக்குப் படிக்க வரவில்லை.

இந்தத் துன்பத்துக்கு எதிரான உலக இயக்கம் ஒன்று நம் பினாங்கிலேயே பிறந்தது என்பதை நாம் பெருமையுடன் நினைத்துக்கொள்ளலாம். 1982இல் பல நாடுகளைச் சேர்ந்த குழுக்கள் பினாங்கில் கூடி, பூச்சிக்கொல்லிச் செயல் கட்டமைப்பு என்ற அமைப்பை உருவாக்கின. சஹாபாட் ஆலாம் மலேசியா அக்கூட்டத்தை நடத்தத் துணை நின்றது. பின்னாளில் இதே பணியில் தெனாகானித்தா என்ற பெண்கள் அமைப்பும் இறங்கியது. 1991இல் அதைத் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ், பட்டர்வொர்த்துக்கு வடக்கேயுள்ள சுங்கைப் பட்டாணியில் 1946இல் பிறந்தவர். ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். தோட்டத்துப் பெண்களிடம் நேரில் போய், அவர்கள் உடலில் கண்ட அடையாளங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்தார்கள். "அப்படித்தான் இருக்கும்" என்று நூறு பேர் தனித்தனியே சொன்னபோது அது விதியாகத் தெரிந்தது. நூறு பேர் சொன்னதை ஒரே ஏட்டில் எழுதியபோது அது சான்றாயிற்று.

2002 ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக மலேசியா அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டு, மருந்து மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. குழுக்கள் மறுபடியும் எழுதின, மறுபடியும் பேசின. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. முதல் அறிவிப்பிலிருந்து எண்ணினால் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்த நாளைக் காண ஐரின் அவர்கள் இல்லை; 2014இல் காலமானார். இத்ரிஸ் அவர்களும் 2019 மே மாதத்தில், தம் 92ஆம் வயதில் மறைந்தார். விதைத்தவர் ஒருவர், அறுவடை காண்பவர் இன்னொருவர் என்பதே இத்தகைய பணியின் இயல்பு.

இன்னொரு காட்சியையும் பார்ப்போம். மறுபடியும் கடற்கரைக்குப் போவோம். பினாங்கின் சிறு மீனவர்கள் 1994இல் தங்களுக்கென ஒரு நலச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். செபராங் பிறைக் கரையோரம் அழிந்துபோன பாக்காவ் மரங்களை அவர்களே நடத் தொடங்கினார்கள். அலையாத்தி என்று தமிழில் அழகாகச் சொல்கிறோமே, அதே மரந்தான். அதன் வேர்க்கூட்டத்தில்தான் மீனும் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கின்றன. அக்கரை அழிந்தால் கடலில் மீன் குறையும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபின், அலையை ஆற்றும் அந்த மரத்தின் அருமை மற்றவர்களுக்கும் புரிந்தது. மீனவர்களோ அதற்கு முன்பே நாற்றுகளை ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

தொடங்கிய இடமாகிய பட்டர்வொர்த்துக்கே திரும்புவோம். 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்ததும், பணக்கார நாடுகளின் குப்பை நம் நாட்டுத் துறைமுகங்களுக்குத் திரும்பியது. அனுமதி இல்லாத ஆலைகள் பலவிடங்களில் முளைத்தன. இரவில் அதை எரித்த புகை அக்கம்பக்கத்து வீடுகளில் நுழைந்தது. மூச்சடைத்த மக்கள் முறையிட்டார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாமும் அந்த முறையீட்டை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். 2020 ஜனவரி 20ஆம் நாள், அந்நாளைய சுற்றுச்சூழல் அமைச்சர் பட்டர்வொர்த்தில் கொள்கலன்களின் முன் நின்று ஓர் அறிவிப்புச் செய்தார். 3,737 டன் குப்பை கொண்ட 150 கொள்கலன்கள், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன என்பதே அச்செய்தி. நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிய இந்தக் கரையோரத்திலிருந்து, வேண்டாத குப்பை வந்த வழியே கப்பலேறியது!

சரி, நமக்கு இதிலிருந்து என்ன பாடம்? "நாங்கள் கூலி வேலை செய்கிறவர்கள், வாய் திறந்தால் வேலை போகும், வீடு போகும்" என்று நீங்கள் நினைப்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் பொய்யன்று. லயத்து வீடே வேலையோடு கட்டப்பட்டிருந்த காலத்தை நாமும் அறிவோம். அதனால்தான் தனியாகப் போக வேண்டாம் என்கிறோம். கோல ஜூரு மீனவர் தனியாகப் போகவில்லை, ஊராகப் போனார்கள். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஓடை நீர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன நிறத்தில் வந்தது என்று எழுதுங்கள். நாற்றம் எப்படி, மீன் செத்ததா, யார் யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் சொல்லட்டும். பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். கோபத்தில் கூட்டிச் சொல்ல வேண்டாம். கண்டதை மட்டும் சொல்லுங்கள். ஒரு பொய் கலந்தால் நூறு உண்மையும் பயனற்றுப் போகும். கைத்தொலைபேசி வைத்திருப்பவர் படம் எடுத்து வையுங்கள். பிறகு நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து கையெழுத்திட்டுச் சுற்றுச்சூழல் துறைக்கு எழுதுங்கள். நகலைத் தொழிற்சங்கத்துக்கும் பயனீட்டாளர் சங்கத்துக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். பினாங்குச் சங்கத்தார் ஐம்பது ஆண்டுகளாகச் செய்து வருவது இதைத்தான்.

பிள்ளைகள் ஓடையில் விளையாடிவிட்டு வந்து, தண்ணீர் வேறுமாதிரி நாறுகிறது என்று சொன்னால், "போய்க் கை கழுவு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். 2019 மார்ச்சில் ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளே மூச்சுத் திணறினார்கள். பிள்ளையின் மூக்கு பொய் சொல்லாது.

திருவள்ளுவர் தம் நூலில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் வீட்டுப் பாட்டிமார் வாயில் வரும் பழமொழி. தண்ணீரை மதிப்பது எப்படி என்று நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மதிப்பதைச் சத்தமாகச் சொல்லத்தான் நாம் பழக வேண்டும். இன்று நம்மில் பலர் தோட்டத்தைவிட்டுத் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டோம். அங்கேயும் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று நாளை காலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டுபோய்ப் பாருங்கள். பார்த்ததை அன்றே எழுதி வையுங்கள்.